ஐ.டி. ஊழியர்கள் 4 பேர், 12 வாரம் இலவச உதவி: சிறுதானியக் கம்பெனிக்கு என்ன வேலை கேட்பது?

தருமபுரி_சாமை:
வணக்கம். எங்களுடையது சாமை, தினை தீட்டி பாக்கெட் போட்டு விற்கும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி. ஆபீஸில் சி.இ.ஓ.வும் ஒரு கணக்காளரும்தான். சென்னை ஐ.டி. கம்பெனி ஊழியர்கள் நாலு பேர் வாரம் 3 மணி நேரம் வேலை செய்து தர முன்வந்திருக்கிறார்கள். போர்டில் மொபைல் ஆப் கேட்கலாம் என்கிறார்கள். கூடவே, அந்தக் கம்பெனியிடம் சி.எஸ்.ஆர். பணமும் (பெரிய கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய தொகை) கேட்க முடியுமா?

கணக்குப்பிள்ளை:
ஆப் வேண்டாம். காகிதத்தில் 144 மணி நேரம். அவர்கள் ஆபீஸ் வேலை நெருக்கடி (ரிலீஸ், அப்ரைசல்), லீவு போக 90 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஆப் எழுதிவிடலாம். 13-வது வாரம் அது நின்றுபோனால் யார் சரிசெய்வது?

விலைக் கணக்கு ஷீட் கேளுங்கள். உதாரணத்துக்கு, கிலோ 40 ரூபாய்க்கு 100 கிலோ சாமை வாங்கித் தீட்டினால் 65 கிலோ அரிசி கிடைக்கிறது என்று வைப்போம். 4,000-ஐ 65-ஆல் வகுத்தால் கிலோ 61.54. 60 கிலோதான் வந்தால் 66.67. ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒரு தடவை வாங்கித் தீட்டும் சரக்கு) இந்த எடையை எழுதாமல் விலை போடவே கூடாது.

தீட்டுக்கூலி, கவர், லேபிள், வண்டி வாடகை சேர்ந்து அடக்கம் 80 ஆகிறது என்றால், கடைக்கு 20% கமிஷன் என்று 80-உடன் 16 சேர்த்து 96 ரூபாய் எம்.ஆர்.பி. அடித்துவிடுவார்கள். கடைக்காரர் கழிப்பது எம்.ஆர்.பி.யில் 20%, அதாவது 19.20. கைக்கு வருவது 76.80, கிலோவுக்கு 3.20 நஷ்டம்! 80-ஐ 0.8-ஆல் வகுங்கள்: 100. அதிலும் உங்கள் லாபம் இன்னும் சேரவில்லை.

பிரிவு135:
ஊழியர்களின் நேரம், சி.எஸ்.ஆர். பணம் இரண்டையும் தனித்தனியாகப் பேசுங்கள். ஊழியர்கள் இலவசமாகத் தரும் நேரத்துக்கு ரூபாய் மதிப்புப் போட்டு சி.எஸ்.ஆர். செலவில் சேர்க்க முடியாது. கம்பெனி விவகார அமைச்சகம் 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. பணத்தை வெளி அமைப்பு வழியாகச் செலவிட்டால், அது லாப நோக்கில்லாத பிரிவு 8 கம்பெனி, அறக்கட்டளை, சங்கம் போன்றதாக இருந்து, வருமான வரித் துறையின் தொண்டு நிறுவனப் பதிவுகளும் (12ஏ, 80ஜி என்பார்கள்), அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 பதிவும் வைத்திருக்க வேண்டும். உற்பத்தியாளர் கம்பெனி அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் பயிற்சி மாதிரியான வேலையை, தகுதியுள்ள தொண்டு நிறுவனம் ஒன்றின் திட்டமாக எழுதிக் கேட்பதுதான் நடக்கும். நேரத்தை வாங்கிக்கொள்ள இந்தத் தடை எதுவும் கிடையாது.

வாரக்கூட்டம்:
பெரும்பாலும் மாட்டிக்கொள்வது தகவலில்தான். கொள்முதல் ரசீது, மில் பில், கடைப் பாக்கி நோட்டு, கடைசி மூன்று மாதத்துக்கு, அவர்கள் வருவதற்கு முன்பே போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். இல்லாவிட்டால் முதல் நாலு வாரம் அதிலேயே போய்விடும். ஷீட் உங்கள் கம்பெனி ஜிமெயில் கணக்கில் இருக்கட்டும். அவர்கள் ஆபீஸ் லேப்டாப்பில் வெளியாருடைய கூகுள் டிரைவ் திறக்காமல் போகலாம். முதல் நாளே சோதித்துப் பாருங்கள். நாலு பேரும் தனித்தனியாக உங்களுக்குப் போன் செய்யக் கூடாது, ஒருவர்தான் பேச வேண்டும்.

தருமபுரி_சாமை:
நன்றி. கணக்காளர் அக்காவுக்கு டேலி கணக்கு சாஃப்ட்வேர் மட்டும்தான் பழக்கம். எக்செல் வராதே?

வாரக்கூட்டம்:
தலைப்புகள் எல்லாம் தமிழில், அவர் நிரப்ப ஆறே கட்டம்: தேதி, லாட் எண், வாங்கிய எடை, விலை, தீட்டிய பிறகு எடை, மில் கூலி. சூத்திரம் உள்ள கட்டங்களைப் பூட்டிவிடச் சொல்லுங்கள். எட்டாவது வாரம் யாரும் பக்கத்தில் இல்லாமல் அக்கா ஒரு லாட்டைத் தானே பதியட்டும். எங்கே தடுமாறுகிறாரோ, மீதி நாலு வாரம் அதைத் திருத்தத்தான்.