சாவிப் பொம்மை: பாட்டு ஓடுகிறது, தலை அசையவில்லை

பாரிஸ்பரண்:
வான்வ் பழம்பொருள் சந்தையில் ஒரு சாவிப் பொம்மை வாங்கினேன். கையில் விசிறி, பின்கழுத்தில் ஜுமோ என்ற பிரெஞ்சுப் பொம்மை நிறுவனத்தின் முத்திரை, சாவியில் ‘எல்.பி.’ முடுக்கினால் பாட்டு வருகிறது, விசிறி ஆடுகிறது. தலை மட்டும் அசையவில்லை. பாட்டும் கொஞ்சம் அவசரமாகவே ஓடி முடிகிறது. திறந்து பார்க்கலாமா?

சாவிக்கொத்து:
தலை கிடக்கட்டும், எனக்குப் பயம் அந்த அவசரத்தில்தான். இனி முடுக்காதீர்கள்.

பல்சக்கர வரிசையின் கடைசியில் ஒரு சின்னத் தகட்டுக் காற்றாடி சுழலும். காற்று அதைத் தடுப்பதால்தான் பாட்டு நிதானமாக ஓடுகிறது. அதன் திருகுத் தண்டு தேய்ந்து பல் நழுவினால் ஸ்பிரிங் மொத்தமும் சில நொடிகளில் அவிழ்ந்துவிடும். பாட்டு உருளையின் ஊசிகள் மடங்கும், அவை மீட்டி ஒலி எழுப்பும் எஃகுச் சீப்பின் பற்கள் படபடவென்று உடையும். அப்புறம் பொம்மையை விடப் பழுதுச் செலவு பெரிதாகிவிடும்.

‘எல்.பி.’ லெயோபோல்ட் லம்பேரின் முத்திரை. சாவிப் பொம்மை செய்த விஷியிடம் வேலை பார்த்துவிட்டு 1880களில் பாரிஸில் தனியாகத் தொழில் தொடங்கியவர். ஜுமோவிடம் வாங்கியது பீங்கான் தலை மட்டும். கழுத்தைக் காட்டி பொம்மையே ஜுமோ என்று விற்பவர்கள் உண்டு. சாவியும் வேறு பொம்மையிலிருந்து வந்ததாக இருக்கலாம், உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

மெஷின்எண்ணெய்:
இதற்கா இவ்வளவு? தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்கள், தலை தானாக ஆடும்.

சாவிக்கொத்து:
சாமி, வேண்டாம்! ஏற்கெனவே வேகமாக ஓடுவதற்கு எண்ணெய் எதற்கு? சீப்புப் பற்களுக்கு அடியில் முடி போன்ற கம்பிகள் இருக்கும். அடுத்த ஊசி வருமுன் பல்லின் அதிர்வை அடக்குவது அவைதான். எண்ணெய் பட்டால் ஒட்டிக்கொள்ளும், பாட்டில் கீச் கீச்சென்று கேட்கும்.

பாரிஸ்பரண்:
முழுக்க ஓடி நின்றுவிட்டது ஐயா. உடுப்பை ஒதுக்கி, முதுகுப் பக்கம் பார்த்தேன். கேம்களின் (மேடுபள்ளமான விளிம்புள்ள சக்கரங்களின்) மேல் ஏறி இறங்கும் நெம்புகோல்களில் ஒன்றிலிருந்து கழுத்துக்குப் போகிற கம்பி கழன்று தொங்குகிறது. மாட்டிவிடவா?

சாவிக்கொத்து:
மாட்டலாம். எட்டவில்லை என்று கம்பியை நீட்டவோ வளைக்கவோ வேண்டாம், இம்மி மாறினாலும் தலையாட்டல் இடறும். நின்ற பிறகும் ஸ்பிரிங்கில் இழுவிசை பாக்கி இருக்கும். எனவே காற்றாடிப் பக்கத்துத் திருகுகளைத் தொடாமல் இசைப்பெட்டி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பட்டு உடுப்பின் பழைய தையலையும் பிரிக்காதீர்கள். லம்பேர் பொம்மைகளுக்கு உடுப்பு தைத்தது அவர் மனைவி. இயந்திரத்தைச் சரிசெய்ய ஆள் கிடைப்பார்கள், அந்தத் தையலைத் திரும்பப் போட ஆள் இல்லை.