முழுநேர வேலைக்குப் போறவங்க தெருநாய்க்கு வீட்டுல அடைக்கலம் கொடுக்கலாமா?

பெருமாள்புரத்துக்காரி:
எனக்குத் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில ஆபீஸ். காலைல ஒம்பது மணிக்குக் கிளம்பினா திரும்ப ஏழு ஆயிரும். வீட்டுக்காரவுகளுக்குக் கங்கைகொண்டான்ல ஷிப்ட். இதுக்கு நடுவுலதான் மூணு வருசமா, அடிபட்டுக் கெடக்கிறதையும் தாய் இல்லாத குட்டிகளையும் வீட்டுல வச்சுத் தேத்தி, நல்ல எடம் பாத்துக் கொடுத்துட்டு வாரோம். இதைத்தான் ஃபாஸ்டர்னு சொல்லுவாங்க. இதுவரை பதினோரு நாய். போன வாரம் வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தர், “வேலைக்குப் போறவங்க ஃபாஸ்டர் எடுக்கிறது நாய்க்குச் செய்யுற பாவம்”னு எழுதியிருந்தார். ரெண்டு நாளா மனசு ஆறல. காலைல அஞ்சரைக்கு எந்திச்சு நடத்திட்டு வாரேன், சோறு வச்சு, தார்சாவுல ஃபேனைப் போட்டுட்டுத்தான் கிளம்புதேன். மத்தியானம் பக்கத்து வீட்டு ஆச்சி வந்து தண்ணி மாத்தி வைப்பா. நாங்க எடுக்கலன்னா அதுகள்ல பாதி பைபாஸ்ல லாரிக்கு அடியில போயிருக்கும். இதுல என்ன பாவம்னு கேக்கேன்.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
தாயி, பாவம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா குட்டியை எடுக்காதீங்கன்னு சொல்லுவேன். போன மாசியில நான் வேலையில இருக்கும்போது, ரெண்டு மாசக் குட்டி ஒண்ணைத் தூக்கிட்டு வந்தேன். ஒருநாள் காலைல பாலைத் தொடல. வெக்கையா இருக்கும்னு நெனச்சுப் பூட்டிட்டுப் போயிட்டேன். சாயந்தரம் கதவைத் திறந்தா வாடை முகத்துல அடிச்சது. குளியலறை மூலையில ரத்தமாப் போயி, அதுமேலேயே படுத்துக் கெடந்தது. என்னைப் பாத்ததும் வாலை மட்டும் ஒரு தடவை ஆட்டிச்சு. பார்வோ, குட்டிகளுக்கு வாற வைரஸ் நோய். ராத்திரியே போயிட்டு. காலைலயே கொண்டு போயி ட்ரிப்ஸ் ஏத்தியிருந்தா பொழைக்க வழி இருந்திருக்கும். அந்தப் பத்து மணி நேரம்தான் அதைக் கொன்னுச்சு. குட்டிக்கு எத்தனை மாசமோ அதோட ஒண்ணு கூட்டிக்கோங்க, அத்தனை மணி நேரம்தான் மூத்திரத்தை அடக்கும். ரெண்டு மாசக் குட்டிக்கு மூணு மணி நேரம். உங்க கணக்கு பத்து.

டவுன் வளவு:
நாயைப் பத்தியே பேசுதீங்க, பக்கத்து வீட்டைப் பத்தி யாரும் பேசல. எங்க வளவுல ஒம்பது வீடு, ஒரே முடுக்கு. கடைசி வீட்டுத் தம்பி ரெண்டு நாயை உள்ள பூட்டிட்டுக் கடைக்கு வேலைக்குப் போயிருவான். பகல் முழுக்க ஊளை. பக்கவாதத்துல கெடக்கிற என் மாமியார் அந்தச் சத்தத்துலயே கெடக்காவ. ஒருநாள் கதவு திறந்து கெடந்து, என் மவன் கையில பல்லு பட்டுட்டு. நாய்க்கு வெறிநாய் ஊசி போடவே இல்ல. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அன்னைக்கு, மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள்னு நாலு நடை. எனக்கும் வேலைதான், நாலு நாளும் லீவு. இரக்கம் உங்களது, செலவு எங்களதா?

பெருமாள்புரத்துக்காரி:
வளவு அக்கா, நீங்க சொல்லுறது நூத்துக்கு நூறு நியாயம். ஊசி போடாத நாயை அடுத்தவங்க புழங்குற எடத்துல வைக்கவே கூடாது. நான் தனி வீட்டுல இருக்கிறதால இது என் புத்திக்கு எட்டல. அண்ணாச்சி சொன்னதுக்கு மட்டும் பதில் சொல்ல முடியல. எனக்கும் ஒண்ணு அப்படிப் போயிருக்கு. பதினோரு கணக்குல அதைச் சேக்கல.

ராமையன்பட்டி மாணவி:
நான் இங்க கால்நடைக் கல்லூரியில படிக்கிறேன். எடுக்கலாமா கூடாதாங்கிறதை விட, எந்த நாயை எடுக்கிறோம்னு பாக்கணும். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துல முதல் தடுப்பூசி. அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணா, பதினாறு வாரம் வரைக்கும் போடணும். அதுவரை பகல்ல ஆள் வேணும். கண் திறக்காத குட்டின்னா ரெண்டு மூணு மணிக்கு ஒருக்கா பால், மூத்திரம் போக வைக்கிறதுக்கும் துடைச்சு விடணும். வேலைக்குப் போறவங்களால முடியவே முடியாது. ஆனா கருத்தடை ஆபரேஷன் ஆன பெரிய நாய் இருக்கே, அதுக்கு வேண்டியது அமைதியான மூலையும், தையலை நக்காம இருக்க கழுத்துல கூம்பும்தான். பெரிய நாய் பகல்ல பெரும்பாலும் தூங்கும். பத்து நாள்ல காயம் ஆறிரும்.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
பத்து நாள் மெத்தையில படுக்க வச்சுட்டு மறுபடியும் தெருவுல விடுறதா? அது எதுக்கு, பாப்பா? ஆசையைக் காட்டி ஏமாத்துற மாதிரில்லா இருக்கு.

ராமையன்பட்டி மாணவி:
ஏமாத்துறது இல்ல மாமா. 2023ல வந்த கருத்தடை விதியே, பிடிச்ச எடத்துலதான் திரும்ப விடணும்னு சொல்லுது. அந்த நாயோட எல்லை அந்த எடம்தான். மாசக்கணக்குல வச்சிருந்தா மத்த நாய்ங்க திரும்பச் சேக்காம போகலாம்.

பெருமாள்புரத்துக்காரி:
இதை நான் கண்ணால பாத்தேன், அண்ணாச்சி. சமாதானபுரத்துல ஒரு செவலை. தையல் பிரிச்சு, பன்னெண்டாம் நாள் ஆட்டோவுல கொண்டு போனோம். இறக்கி விட்டதும் ஒரு தடவை மோந்து பாத்துட்டு, டீக்கடை பெஞ்சுக்கு அடியில போய்ச் சுருண்டு படுத்துக்கிடுச்சு. பெஞ்சுல இருந்தவர் குனிஞ்சு கூடப் பாக்காம காலை நகத்திக் கொடுத்தார். என்னைத் திரும்பிப் பாக்கல. நான் அழுதுட்டேன், ஆனா அது சரியான எடத்துலதான் இருந்துச்சு.

இனிமே பெரிய நாய்தான்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா இப்ப வீட்டுல ரெண்டு குட்டி இருக்கு, நாப்பத்தஞ்சு நாள் இருக்கும். முதல் ஊசி நேத்துதான் போட்டோம். யார்கிட்ட கொடுப்பேன்?

டவுன் வளவு:
நான் எடுக்க முடியாது, தப்பா நெனைக்காதீங்க. ஆனா கடைசி வீட்டுத் தம்பிகிட்ட ஊசி விவரத்தை இன்னைக்கே சொல்லுதேன்.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
நான் சித்திரையில ரிட்டயர் ஆயிட்டேன். குட்டிகளை என் வீட்டுக்கு மட்டும் கொண்டு வராதீங்க. அந்தப் பார்வோ கிருமி மண்ணுல ஒரு வருசம் வரைக்கும் கெடக்குமாம், தரையை ப்ளீச்சிங் தண்ணி ஊத்திக் கழுவியும் எனக்குப் பயம் தெளியல. நானே பதினோரு மணிக்கும் மூணு மணிக்கும் உங்க வீட்டுக்கு வாரேன். செருப்பை வெளியவே கழத்திட்டு, கைகால் கழுவி, மாத்துத் துணி உடுத்திக்கிடுதேன்.

பெருமாள்புரத்துக்காரி:
சாவி ஆச்சிகிட்ட இருக்கும், அண்ணாச்சி. வலது காது மடங்குனதுதான் சின்னது. அதுக்குத் தனித் தட்டுல வைங்க, பெருசு தட்டிப் பறிச்சிரும். பால் குடிக்கலன்னா எந்நேரமானாலும் போன் போடுங்க, மீட்டிங்ல இருந்தாலும் எந்திச்சு வந்திருதேன்.