‘ஹைப்’புக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மதுரையிலிருந்து, 2025 ஜூலை 21, திங்கள் காலை

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஊடகவியல் பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். ஒரு பெரிய படம் திரைக்கு வருமுன் பார்வையாளர் மனத்தில் என்ன நடக்கிறது என்பது இப்போது கையில் உள்ள இயல். எடுத்துக்காட்டு, இராமாயணக் கதைப் படமான ‘ஆதிபுருஷ்’. வெள்ளிக்கிழமை பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். ‘ஹைப்’ (hype) என்ற ஆங்கிலச் சொல் இதில் நாற்பது இடங்களுக்கு மேல் வருகிறது, பெயராகவும் வினையாகவும் அடையாகவும்.

முதலில் ‘எதிர்பார்ப்பு’ என்று போட்டேன். நான்கு பக்கம் தாங்கியது, அப்புறம் முறிந்துவிட்டது. எதிர்பார்ப்பு பார்ப்பவருக்கு உரியது. ஹைப் ஒருவர் கிளப்ப இன்னொருவர் மனத்தில் ஏறுவது. ‘மிகைவிளம்பரம்’ என்றால் விற்பவர் பக்கம் மட்டும் நின்றுவிடுகிறது. ‘பரபரப்பு’ கொலைச் செய்திக்கும் பொருந்தும்.

சோதித்துப் பார்க்க மூன்று வாக்கியம் தருகிறேன். ஒன்று: 2022 அக்டோபர் 2 அன்று அயோத்தியில், சரயு கரையில் டீசர் வெளியானது, அன்றிரவே படத்தின் ____ தலைகீழானது. இரண்டு: தயாரிப்பாளர்கள் மாதக்கணக்கில் ____ வந்தார்கள். மூன்று: ____ மிகுந்த படங்களுக்கே ஐயமும் மிகுதி.

மூன்றாவதுதான் என்னைப் படுத்துகிறது. ஐயம் ஹைப்புக்கு வெளியே நிற்கும் எதிரி இல்லை, அதன் வயிற்றிலேயே பிறப்பது என்கிறார் நூலாசிரியர். அந்த வயிறு தெரிகிற சொல் வேண்டும். உதவுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து, திங்கள் இரவு

அம்மா, உங்கள் மடல் மதியம் முழுவதும் என்னை மணிமேகலையோடு உட்கார வைத்துவிட்டது. முதல் காதை விழாவறை காதை. இந்திர விழா வருகிறது என்று யானைப் பிடரியில் முரசை ஏற்றி ஊருக்கு அறைகிறார்கள். அடுத்த காதை எது? ஊரலர் உரைத்த காதை. மாதவியும் மணிமேகலையும் விழாவுக்கு வரவில்லையே என்று ஊர் வாய் திறக்கிறது. முதலில் அறை, அதன் காலடியிலேயே அலர். உங்கள் மூன்றாவது வாக்கியத்தைச் சாத்தனார் இரண்டு காதைத் தலைப்புகளில் சொல்லி முடித்துவிட்டார்.

ஆகவே ‘அலர்’ என்று எடுக்கலாம் என்பது என் கருத்து. அகத்திணையில் அம்பல், அலர் இரண்டும் உண்டு. அம்பல் மொட்டு; வாய்க்குள்ளேயே முணுமுணுப்பது. அலர் மலர்ந்தது; ஊரறியப் பேசுவது. டீசருக்கு முன்னால் இருந்தது அம்பல், பின்னால் வந்தது அலர். வள்ளுவர் ஊரவர் கௌவையை, அதாவது ஊரார் பழிப்பேச்சை, எரு என்றார், அன்னை சொல்லை நீர் என்றார். இரண்டையும் குடித்துக் காமநோய் நீளுகிறது. சரயு கரையில் வெளியான டீசரைத் திட்டியவர்களும் அந்தப் படத்துக்கு எருவிட்டவர்கள்தாம். திட்டியவர்களில் எத்தனையோ பேர் முதல் நாளே போய்ப் பார்த்தார்கள்.

அம்பல் என்பது அரும்பல் என்பதிலிருந்து தேய்ந்தது என்று என் ஆசிரியர் சொல்வார். ‘அம்பலத்துக்கு வந்துவிட்டது’ என்கிறோமே, அந்த அம்பலத்துக்கும் இதற்கும் உறவு உண்டா என்று நாற்பது ஆண்டாக யோசிக்கிறேன். உண்டு என்றே நினைக்கிறேன். அரும்பு விரிந்த இடம் அம்பலம். ஊர் கூடும் இடத்தில்தானே பேச்சு விரியும்?

கோவையிலிருந்து, செவ்வாய் காலை

ஐயா, உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன், மகிழ்ந்தேன். ஆனாலும் இதை நான் வகுப்பில் நடத்த வேண்டும். அலர் என்றால் என் மாணவர்களுக்கு, தமிழ் படித்தவர்களுக்கும்கூட, பழிச்சொல் என்றுதான் தோன்றும். ஹைப் பழி இல்லையே. ஊரே சேர்ந்து ஆசைப்படுவதும் அதில் இருக்கிறது.

நான் காட்சித் தொடர்பியல் நடத்துகிறேன். நேற்று வகுப்பில், நிதேஷ் திவாரி இயக்கும் இராமாயணப் படத்துக்கு ஜூலை 3 அன்று வந்த அறிமுகக் காணொளியைப் போட்டுக் காட்டினேன். மூன்று நிமிடம். நடிகர்கள் தெரிவது சில நொடிகளே. ரன்பீர் கபூர் இராமர், கோத்தகிரிப் பெண் சாய் பல்லவி சீதை, யாஷ் இராவணன். இசைக்கு ஏ.ஆர்.ரஹ்மானும் ஹான்ஸ் ஸிம்மரும். முதல் பாகம் 2026 தீபாவளிக்கு, இரண்டாம் பாகம் 2027 தீபாவளிக்கு என்று அறிவித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து 4000 கோடி ரூபாய்க்கு மேல் ஆகும் என்று தயாரிப்பாளர் நமித் மல்ஹோத்ராவே சொல்லியிருக்கிறார்.

பார்த்துவிட்டு மாணவர்கள் சொன்ன சொல் ஒன்றே ஒன்று: பில்டப். ‘பில்டப் செம’ என்றான் ஒருவன். ‘பில்டப் மட்டும்தானோ’ என்றான் பக்கத்தில் இருந்தவன். பாருங்கள், ஒரே சொல் ஆசைக்கும் ஐயத்துக்கும் போகிறது. மதுரை அக்கா கேட்ட வயிறு பில்டப்பில் இருக்கிறது. தெருவில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுச் சங்கத்துக்கு ஏன் போக வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பணம் இவ்வளவா, கிராஃபிக்ஸ் மறுபடி ஆதிபுருஷ் போல ஆகிவிடுமா, அம்பும் சக்கரமும் பறப்பது மட்டும்தானா என்று ஆளுக்கொரு ஐயம் எழுப்பினார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, ‘எங்க பாட்டி சொன்ன இராமர் ஒருத்தர் எனக்குள்ள இருக்கார் சார், அவர் முகம் மாறிடுமோன்னு இருக்கு’ என்றாள். அதற்கு அப்புறம் யாரும் பேசவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து, செவ்வாய் பிற்பகல்

எங்கள் ஊரில் ‘புளுகம்’ என்று ஒரு சொல் உண்டு. மனம் பொங்கி நிற்கிற மகிழ்ச்சி. ‘அவனுக்கு ஒரே புளுகம்’ என்போம். ஹைப் ஏறிய மனநிலைக்கு அது பொருந்தும். உங்கள் பக்கத்தில் புளுகு என்றால் பொய் என்பது தெரியும். அந்த நிழல்கூட இங்கே நல்லதுதானே?

மதுரையிலிருந்து, செவ்வாய் மாலை

அழகான சொல், ஐயா. ஆனால் இங்கே மாணவர்கள் அதைப் பொய் என்று மட்டுமே படிப்பார்கள். அடிக்குறிப்புப் போட்டு ஒரு சொல்லை நாற்பது இடத்தில் நிறுத்த முடியாது. கோவைத் தம்பிக்கு: பில்டப் பேச்சில் சரி. ‘பில்டப் செய்யப்பட்ட’ என்று பாடநூலில் எழுதக் கை வரவில்லை. அந்தப் பாட்டியின் இராமரை மட்டும் என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

விழுப்புரத்திலிருந்து, செவ்வாய் இரவு

குழுவில் நான் பேசுவது குறைவு. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கூத்து கட்டுகிற குடும்பம் என்பதால் இதில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

கூத்தில் முதலில் வருபவன் கட்டியங்காரன். இன்றைக்கு என்ன கதை, எந்த ராஜா வருகிறார் என்று சபைக்குச் சொல்வான். இரண்டு பேர் துணித் திரையைப் பிடித்திருப்பார்கள். ராஜா அதன் பின்னால் நின்று பாடுவார். கிரீடத்தின் நுனி தெரியும், சலங்கைச் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. கட்டியங்காரன் அவரைப் புகழுவான். அதே வாயால், ‘யாருய்யா நீ, எந்த ஊரு’ என்று கேட்டுக் கேலியும் செய்வான். சபை சிரிக்கும். சிரித்த சபைதான் திரை விலகும்போது நிமிர்ந்து உட்காரும். திரை விலகுவதற்கு முந்திய அந்த நேரத்தைச் சரியாக நடத்தவில்லை என்றால் எவ்வளவு நல்ல வேஷமும் எடுபடாது என்பார் என் அப்பா.

பாரதமும் இராமாயணமும் சபைக்குத் தெரிந்த கதை. முடிவு என்ன என்று யாரும் காத்திருப்பதில்லை. இவன் அந்த அர்ச்சுனனாக நிற்பானா என்றுதான் பார்ப்பார்கள். ஆசையும் ஐயமும் கட்டியங்காரன் வாயிலேயே இருக்கின்றன. ‘கட்டியம்’ என்று வைத்துப் பாருங்கள். கட்டியம் கூறு என்றால் வினையும் கிடைத்துவிடும்.

சென்னையிலிருந்து, புதன் காலை

கட்டியம் தமிழா என்பதை முதலில் பார்க்க வேண்டாமா? கத்யம் என்ற வடசொல்லின் திரிபு என்று சொல்வோர் உண்டு. ‘கட்டு’ என்ற வினையிலிருந்து வந்தது என்போரும் உண்டு. ஐயத்துக்கு இடமுள்ள வேரைப் பாடநூலில் ஊன்றக் கூடாது. ‘முன்னார்வம்’ என்று தூய தமிழில் வைத்துவிடலாம், ஆர்வத்தைத் தூண்டுவதை ‘முன்னார்வமூட்டல்’ எனலாம். அடுத்த தலைமுறை பழகிக்கொள்ளும். பழகாத சொல் என்று தள்ளிக்கொண்டே போனால் தமிழில் புதிய சொல் எதுவுமே நிற்காது. பேருந்து என்ற சொல்லையும் முதலில் பலர் ஏற்கவில்லை.

கோவையிலிருந்து, புதன் காலை

பேருந்து நின்றதற்குக் காரணம் அது பேருந்தின் நெற்றியிலேயே எழுதப்பட்டது, ஐயா. முன்னார்வத்தை யார் நெற்றியில் எழுதுவது? முன்னார்வமூட்டல் என்று சொல்லி முடிப்பதற்குள் படமே வந்துவிடும்.

பாளையங்கோட்டையிலிருந்து, புதன் மதியம்

வேர் பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் இராமகதையைப் பற்றிப் பேசிக்கொண்டே வடசொல்லுக்கு அஞ்ச வேண்டாம். பாற்கடல் முழுவதையும் நக்கிவிடலாம் என்று கரையில் வந்து நின்ற பூனையாகக் கம்பன் தன்னைச் சொன்னான். அங்கே அவன் வைத்த சொல் என்ன? ‘ஆசை பற்றி அறையலுற்றேன்’. ஆசை வடசொல். அறை தமிழ். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். வடவெழுத்தை நீக்கினால் சொல் உள்ளே வரலாம் என்று தொல்காப்பியமும் வழிவிட்டிருக்கிறது.

விழுப்புரத்து நண்பரின் மடல் என்னை அசைத்துவிட்டது. துணித்திரைக்குப் பின்னால் கிரீடத்தின் நுனி! அதைப் படித்த பிறகு எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். களவியலில் தலைவியை முதலில் காணும் தலைவனுக்கு ஐயம் பிறக்கிறது. அணங்கா, மயிலா, பெண்ணா? கண்டது சிறந்ததாக இருந்தால்தான் ஐயமே வரும் என்கிறது தொல்காப்பிய நூற்பா: ‘சிறந்துழி ஐயம் சிறந்தது என்ப’. உங்கள் மூன்றாவது வாக்கியம், அம்மா! அந்த ஐயம் எதனால் தெளிகிறது என்ற பட்டியலில் இமைப்பும் ஒன்று. கண் இமைத்தால் மானிடப் பெண். நளவெண்பாவில் தமயந்தியும் நளனை அப்படித்தான் கண்டுபிடித்தாள்: ஐந்து பேர் நளன் உருவில் நிற்க, கண் இமைத்தவன், கால் நிலத்தில் பட்டவன், மாலை வாடியவன் அவன்.

ஆதிபுருஷ் டீசரைப் பார்த்து என் பேரன் சொன்னது, ‘தாத்தா, இவங்க நிஜ ஆளு மாதிரியே இல்ல’. கால் நிலத்தில் படவில்லை, மாலை வாடவில்லை. கணினியில் வரைந்த உருவத்தில் நம் கண் இன்றும் அந்த மூன்று அடையாளங்களைத்தான் தேடுகிறது.

மதுரையிலிருந்து, புதன் இரவு

ஐயா, இதை அப்படியே ஒரு கட்டுரையாக எழுதுங்கள். என் இயலில் இடமில்லை.

கட்டியத்தை மூன்று வாக்கியத்திலும் போட்டுப் பார்த்தேன். இரண்டாவதில் கச்சிதமாக உட்கார்ந்தது: தயாரிப்பாளர்கள் மாதக்கணக்கில் கட்டியம் கூறி வந்தார்கள். மூன்றாவதிலும் சரி. முதலாவதில் தயக்கம். படத்தின் கட்டியம் தலைகீழானது என்றால், கூறுபவர் மாற்றிக் கூறினார் என்று ஆகிவிடாதா? உண்மையில் மாறியது கேட்டவர் மனம். படம் 2023 ஜனவரி 12இலிருந்து ஜூன் 16க்குத் தள்ளிப் போனது. அந்த மாதங்களிலும் கட்டியம் நிற்கவில்லை. ஒவ்வொரு அரங்கிலும் அனுமனுக்கு ஓர் இருக்கை என்ற அறிவிப்புகூட அதற்குப் பிறகு வந்ததுதான். கூறியவர்கள் கூறிக்கொண்டே இருந்தார்கள், கேட்டவர்கள் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இன்னொரு தடையும் இருக்கிறது. ‘வெற்றிக்குக் கட்டியம் கூறுகிறது’ என்று நாளிதழ்கள் எழுதுவது முன்னறிகுறி என்ற பொருளில். அங்கே மிகை என்ற சாயல் இல்லை.

விழுப்புரத்திலிருந்து, வியாழன் காலை

நாளிதழ்கள் கட்டியங்காரனின் கேலியை விட்டுவிட்டுப் புகழை மட்டும் எடுத்துக்கொண்டன. பாடநூலில் வந்தால் பாதி திரும்பி வரும்.

மதுரையிலிருந்து, வியாழன் இரவு

இதுவரை எழுதியவர்களில் கட்டியத்துக்கு என்னையும் சேர்த்து மூன்று பேர், அலருக்கு ஒருவர், பில்டப்புக்கு ஒருவர், புளுகத்துக்கு ஒருவர், முன்னார்வத்துக்கு ஒருவர். பாளையங்கோட்டை ஐயா கட்டியத்தை ஏற்றாலும் அலரை விடவில்லை என்பதால் அவரை இரண்டிலும் எண்ணியிருக்கிறேன். நேரம் இல்லை. இயலில் முதல் இடத்தில் ‘ஹைப் எனப்படும் கட்டியம்’ என்று எழுதி, பிறகு கட்டியம் என்றே கொண்டுபோகிறேன். பார்வையாளர் மனநிலை மட்டும் வரும் பத்துப் பன்னிரண்டு இடங்களில் எதிர்பார்ப்பு என்றே விட்டுவிட்டேன். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற விதி உடைந்துவிட்டது. எனக்கு அதில் நிறைவில்லை.

சென்னையிலிருந்து, வெள்ளி காலை

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். வேர் உறுதியாகாத சொல்.

கோவையிலிருந்து, வெள்ளி காலை

தேர்வில் பில்டப் என்று எழுதுகிறவர்களுக்கும் நான் மதிப்பெண் போடுவேன். ஆனால் அடுத்த வாரம் கட்டியத்தையும் வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன், துணித் திரைக் கதையோடு. அந்தக் கடைசி வரிசைப் பெண்ணுக்கு அது பிடிக்கும்.

பாளையங்கோட்டையிலிருந்து, வெள்ளி காலை

அம்மா, ஒரே ஒரு வேண்டுகோள். சரயு கரை இரவைச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தில் மட்டுமாவது அலர் இருக்கட்டும்.

மதுரையிலிருந்து, வெள்ளி மதியம்

வைத்துவிட்டேன், ஐயா. ‘அன்றிரவே கட்டியம் அலராயிற்று.’ பதிப்பாசிரியர் ஒப்புக்கொண்டால் நிற்கும். கோப்பை அனுப்பிவிட்டேன்.

கோவையிலிருந்து, வெள்ளி மாலை

அக்கா, டீசருக்கு என்ன போட்டீர்கள்?

மதுரையிலிருந்து, வெள்ளி மாலை

டீசர் என்றேதான்.