மறு: குதிரைவார் உலோகத் துண்டுகளுக்குச் சொல் – ‘வார்ப்பூண்’ சரிவருமா?

ஐயா, வணக்கம்.

> ‘குதிரை அணிகலன்’ என்றே வைத்துக்கொள்வோமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் அணிகலன் என்றால் கழற்றி வைத்தாலும் ஒன்றும் கெடாது என்று தோன்றிவிடுகிறது. நாம் தமிழ்ச் சொல் தேடும், இங்கிலாந்தில் மண்ணுக்கடியில் கிடைக்கும் பழங்காலக் குதிரைவார்த் துண்டுகளில் சிலவற்றைக் கழற்றினால் கடிவாளமே பிரிந்து கையோடு வந்துவிடும்.

இங்கிலாந்தில் சட்டன் ஹூ என்ற பழைய இடுகாட்டின் 17ஆம் புதைமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் தோண்டினார்கள். ஒரு குழியில் ஓர் இளைஞர், பக்கத்துக் குழியில் அவருடைய குதிரை; கி.பி. 600ஐ ஒட்டிய காலம். வழிக்குச் சாப்பாடாக ஆட்டு விலாக்கறிகூட வைத்து அனுப்பியிருக்கிறார்கள்! கடிவாளம் குதிரையோடு இல்லை, ஆளின் குழியில் கிடந்தது. தோல் மக்கிப் போய், பொன்முலாம் பூசிய செப்புக்கலவைத் துண்டுகள் மட்டும் மிச்சம். 1997இல் அதே நாட்டின் லேக்கன்ஹீத் விமானத் தளத்தில் கிடைத்த கல்லறையில் நிலைமை வேறு. அங்கே கடிவாளம் குதிரையின் தலையிலேயே இருந்தது. எது நெற்றிக்கு, எது கன்னத்துக்கு என்று கிடந்த இடமே சொல்லிவிட்டது.

அந்தத் துண்டுகளில் ஒரு வகை, வார்கள் ஒன்றுகூடும் இடத்தில் உட்காருவது. முன்பக்கம் பொன்முலாம், உடல்கள் நாடாபோல் நீண்டு ஒன்றையொன்று கடித்துப் பின்னிக்கொள்ளும் விலங்குகள். (சுவீடன் நாட்டு ஆய்வாளர் சாலின் 1904இல் வகுத்த விலங்கு அலங்காரப் பாணிகளில் இது இரண்டாவது.) திருப்பிப் பார்த்தால் அலங்காரம் ஒன்றும் இல்லை. குடையாணிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். ஆணி முனைக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள சந்துதான் மக்கிப்போன தோலின் கனம். முன்பக்கம் அணி, பின்பக்கம் பூட்டு. இரண்டையும் ஒரே சொல் தாங்க வேண்டும்.

எங்கள் வீட்டு உலக்கையின் அடியில் இரும்பு வளையம் ஒன்று உண்டு. ஒரு முறை அது கழன்று விழுந்தபோது, “பூண் இல்லாம இடிச்சா மரம் பிளந்துடும்” என்று அம்மா அதை ஓரமாக வைத்துவிட்டார். கைத்தடிக்கும் பூண் போடுகிறோம். அதே சொல்தான் ‘பொற்பூண்’ என்னும்போது நகை. இறுக்கிப் பிடிப்பதும் பூண், அழகு செய்வதும் பூண். அதனால்தான் ‘வார்ப்பூண்’ என்கிறேன்.

> ‘சேணப் பொருத்துகள்’ என்றால் என்ன குறை?

இரண்டு குறை. சேணம் முதுகில் இருப்பது. இவை பெரும்பாலும் தலையில் இருப்பவை. ‘பொருத்து’ என்றதும் எனக்குக் குழாய்க் கடை ஞாபகம் வருகிறது, மன்னிக்கவும்.

மற்றவற்றுக்கு நெற்றிவார், கன்னவார், மூக்குவார், அவை கூடும் இடத்தில் சந்திப்பூண், தொங்குவதற்குத் தொங்கல். இதில் யாருக்கும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன். வாய்க்குள் போகும் இரும்புக்குத்தான் யோசிக்க வேண்டும். ‘கடிவாளம்’ என்பது இரும்பையும் வாரையும் சேர்த்தே குறிக்கிறது. புறநானூற்றின் 4ஆம் பாட்டில் ‘கறுழ் பொருத செவ்வாயான்’ என்று வருகிறது. இரும்பு உராய்ந்து சிவந்த வாய். அந்தக் கறுழை வாய் இரும்புக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, கடிவாளம் என்பதை முழுத் தொகுதிக்கு வைத்துக்கொள்ளலாம். வாருக்கு அகநானூற்று ‘வாங்கு வள்பு’ம் கையில் இருக்கிறது (வள்பு என்றால் கடிவாள வார்). ஆனால் ‘வார்’ இன்றைக்கும் வழக்கில் இருக்கும்போது வள்பை ஏன் எழுப்ப வேண்டும்? தூங்கட்டும்.

> பொதுமக்கள் கண்டெடுப்பவற்றுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையா?

அங்கேதான் அதிகம் தேவை. கல்லறையில் கிடைத்தால் தொகுதியாகக் கிடைக்கும். உழுத வயலில் உலோகங்காணியோடு (மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் ஒலி எழுப்பும் கருவி) நடப்பவருக்குக் கிடைப்பது ஒற்றைத் துண்டு. அது குதிரையுடையதா, இடைவாருடையதா, பெட்டியுடையதா என்று பின்பக்கத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். அங்குள்ள 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம், ஒரு பொருளைப் புதையல் என்று ஏற்க, பொதுவாகப் பத்தில் ஒரு பங்காவது பொன்னோ வெள்ளியோ கேட்கிறது. முலாம் எவ்வளவு மின்னினாலும் ஒற்றைச் செப்புத் துண்டு அந்தக் கணக்கில் தேறாது. கண்டெடுத்தவர் தாமாக முன்வந்து பொதுமக்கள் கண்டெடுப்பவற்றைக் குறித்துவைக்கும் தொல்பொருள் பதிவுத் திட்டத்தில் காட்டினால்தான் நமக்குச் செய்தி. அந்தப் பதிவைத் தமிழில் எழுதும்போது ‘குதிரை அணிகலன்’ என்று போட்டுவிட்டால், ஐயத்துக்கு இடமே இல்லாமல் போகிறது. ‘வார்ப்பூண்’ என்றால் வாரில் இருந்தது என்பது வரை சொல்லி நிற்கும். குதிரை உறுதியானால் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு சோதனை. 11ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், குதிரையில் ஏறுபவர் கால் வைக்கும் அங்கவடியைத் தொங்கவிடும் வாரில் பதித்த செப்புத் தகடுகள் நிறையக் கிடைக்கின்றன. ‘அங்கவடி வார்ப்பூண்’ என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கு இடறவில்லை. உங்களுக்கு இடறினால் எழுதுங்கள். ‘அங்கவடிப்பூண்’ என்று சுருக்கவும் எனக்குச் சம்மதம்தான்.