அட்டவணை 71–68 என்கிறது, வேலை மாறலாமா?

கேள்வி:
இருக்கும் வேலையில் தொடர்வதா, வந்திருக்கும் வேலைக்குப் போவதா என்று எக்செல்லில் அட்டவணை போட்டேன். சம்பளம், சேமிப்பு, கடனடைப்பு, பயண நேரம், மேலதிகாரி, கற்றுக்கொள்ள வாய்ப்பு, அம்மாவின் உடல்நிலை. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டு, முக்கியத்துவத்தால் பெருக்கிக் கூட்டினேன். நூற்றுக்குப் புதியது 71, பழையது 68. இதை நம்பி ராஜினாமா கொடுக்கலாமா?

பதில் 1:
மூன்று புள்ளியெல்லாம் ஒரு வித்தியாசமா? வேறொரு நாள் வேறு மனநிலையில் போட்டால் அப்படியே திரும்பிவிடும்.

பதில் 2:
எனக்கு உறுத்துவது வேறு. சம்பளம், சேமிப்பு, கடனடைப்பு மூன்றும் ஒரே பணம்தானே! ஒரே ஆளை மூன்று ஓட்டுப் போட விட்டிருக்கிறீர்கள். ஒரே வரியாக்கிவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள்.

அப்புறம், அம்மாவின் உடல்நிலை. அதற்கு 4 போட்டாலும் சம்பளத்துக்குப் போட்ட 9 அதை ஈடுகட்டிவிடும். கூட்டல் கணக்கு அப்படித்தான் வேலை செய்யும். நிஜத்தில் ஈடுகட்டுமா? அதை அட்டவணையிலிருந்து எடுத்து நிபந்தனையாக வையுங்கள்: அவசரம் என்றால் வேலைக்கு நடுவில் கிளம்ப விடுவார்களா, மாட்டார்களா? மாட்டார்கள் என்றால் மற்ற வரிகளைப் பார்க்கவே வேண்டாம்.

1772-இல் விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லியும் வேலை மாறுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பெஞ்சமின் பிராங்க்ளின் அவருக்கு எழுதிய கடிதத்தில் எந்தப் பக்கம் போ என்று சொல்லவில்லை. வழியை மட்டும் சொன்னார். தாளை இரண்டாகப் பிரித்துச் சாதகம், பாதகம் எழுது. மூன்று நான்கு நாள் அவ்வப்போது தோன்றுவதைச் சேர். பிறகு இரு பக்கமும் சமமாகத் தெரிபவற்றை அடித்துக்கொண்டே வா. மதிப்பெண்ணைவிட எனக்கு இதுவே பிடிக்கும். எதற்காக எதை விடுகிறோம் என்று அடிக்கும்போதே தெரிந்துவிடும். நான் பேனாவில்தான் அடிப்பேன். எக்செல்லில் அந்தத் தயக்கம் வராது.

பதில் 3:
புது மேலதிகாரிக்கு எவ்வளவு போட்டீர்கள்? அவரை நேர்காணலில்தானே பார்த்திருப்பீர்கள். பழையவருக்குப் போட்டது அனுபவம், இவருக்குப் போட்டது ஊகம். ஊகமாகப் போட்ட எண்களை மட்டும் வேறு நிறத்தில் குறியுங்கள். அந்த இடம் ஏன் காலியானது என்றும் கேளுங்கள்.

கேட்டவர்:
பணத்தை ஒரே வரியாக்கியதும் பழைய வேலை முன்னே வந்துவிட்டது. புது மேலதிகாரிக்கு 8 போட்டிருந்தேன், சும்மா சிரித்துப் பேசினார் என்பதற்காக. நடுவில் கிளம்ப விடுவார்களா, இடம் ஏன் காலியானது, இரண்டையும் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரட்டும்.