ஆப்பில் இல்லாத விமானம்: ராத்திரி 2.40க்குத் தலைக்கு மேல் போனது எது?

மொட்டைமாடி: நேத்து ராத்திரி 2.40 இருக்கும். தலைக்கு மேலே காதைப் பிளக்கிற இரைச்சல், ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடுது. நாலைஞ்சு நிமிஷம் 'வூம்... வூம்'னு ஏறி இறங்கிச்சு. மாடிக்கு ஓடினா ஒரு விளக்கு கூட இல்லை. பறக்கிற விமானங்களை மேப்புல காட்டற ஃப்ளைட்ரேடார்24 ஆப்லயும் ஒண்ணுமில்லை.

கழுகுக்கண்: அப்போ ராணுவம்தான். விமானம் இருக்கிற இடத்தை ரேடியோவுல அறிவிக்கிற டிரான்ஸ்பாண்டரை அணைச்சிட்டுப் பறந்திருப்பாங்க. கேஸ் முடிஞ்சது.

சந்தேகி: அதுக்குள்ளயா? அந்த ஆப் வானத்தைப் பார்க்கிறதில்லை சார். விமானம் 1090 மெகாஹெர்ட்ஸில் தன் இடத்தைச் சொல்லும். தரையில யாரோ வெச்சிருக்கிற ரிசீவர் அதைக் கேட்டாத்தான் படத்துல வரும். தாழப் பறந்தா கட்டடம், குன்று எல்லாம் மறைச்சிடும். சில விமானங்களை அந்தத் தளமே காட்டாது. ஆமா, ஆப்பை எப்போ திறந்தீங்க?

மொட்டைமாடி: கீழே இறங்கி வந்து... ஒரு பத்து நிமிஷம் கழிச்சு.

சந்தேகி: சரியாப்போச்சு! பழைய பதிவை ஓட்டிப் பாருங்க. 10 கி.மீ. உயரத்திலிருந்து சத்தம் வந்து சேரவே அரை நிமிஷம் ஆகும். அதுக்குள்ள விமானம் 7 கி.மீ. தள்ளிப் போயிருக்கும்.

கழுகுக்கண்: 10 கி.மீ. உயரத்துல போறது கண்ணாடியை ஆட்டுமா?

சந்தேகி: ஆட்டாது, ஒத்துக்கறேன். ஆனா தாழப் போற ஜெட் ஒரு நிமிஷத்துல கடந்துடுமே! அஞ்சு நிமிஷம் நின்னு இரைஞ்சா எனக்குத் தரை மேலதான் சந்தேகம். ராத்திரி தரை குளிர்ந்து மேல் காற்று வெதுவெதுப்பா இருந்தா, தூரத்து சத்தம் வளைஞ்சு இறங்கும். எங்கேயோ ஓடற ஜெனரேட்டர் கூட வானத்துல கேக்கற மாதிரி இருக்கும்.

கழுகுக்கண்: அந்த 'வூம் வூம்'? புரொப்பல்லர்கள் துளி வேக வித்தியாசத்துல சுத்தினா வர்ற துடிப்பு அது.

சந்தேகி: ரெண்டு ஜெனரேட்டர் பக்கத்துல பக்கத்துல ஓடினாலும் அதே துடிப்பு வரும்.

மொட்டைமாடி: பழைய பதிவுலயும் ஒண்ணும் இல்லை. ஆனா போன்ல 40 விநாடி ரெக்கார்டு பண்ணியிருக்கேன், பாதி நாய் குரைப்பு. சத்தத்தோட அதிர்வெண்ணைக் காட்டற ஆப்பில் போட்டேன். ஒரு கோடு 64க்கும் 73 ஹெர்ட்ஸுக்கும் நடுவே மெதுவா ஏறி இறங்குது.

கழுகுக்கண்: நாலு இறக்கை புரொப்பல்லர், நிமிஷத்துக்கு 1020 சுற்று. பெருக்கி 60ஆல வகுங்க: 68. சி-130 ராணுவச் சரக்கு விமானம்!

சந்தேகி: கிட்ட வந்தா சுருதி ஏறும், விலகினா இறங்கும். நகராத ஜெனரேட்டர் அப்படி ஏறி இறங்காது, ஜெனரேட்டரை வாபஸ் வாங்கறேன். வட்டமடிச்சிருக்கு போல. ஆனா அதுலயே எல்-100னு சிவில் சரக்கு விமானமும் உண்டு. "ஆப்பில் இல்லைன்னா ராணுவம்"கிறதை இன்னும் ஏத்துக்க மாட்டேன்.