டபுள் கிளென்சிங் செஞ்சும் நெத்தி முழுக்கப் பொரியுது, உதவி தேவை

தோட்டத்து மல்லி:
வணக்கம் எல்லாருக்கும். ராத்திரி டபுள் கிளென்சிங் ஆரம்பிச்சதுல இருந்து நெத்தியிலயும் தாடை ஓரத்திலயும் பொடிப்பொடியாப் பொரியுது. கழுவினதும் முகம் இறுக்குது, காலையில பார்த்தா எண்ணெய் வழியுது. வீடியோவுல சொன்ன மாதிரியேதான் செய்றேன், முதல்ல எண்ணெய், அப்புறம் ஃபேஸ்வாஷ். எங்க தப்பு? ஞாயித்துக்கிழமை வீட்டுல விசேஷம், சீக்கிரம் சொல்லுங்க.

கமுண்டிங்காரன்:
என்ன எண்ணெய்? என்ன ஃபேஸ்வாஷ்? பகல்ல சன்ஸ்கிரீனா, மேக்கப்பா, இல்ல வெறும் பெடாக் சேஜுக், அந்த அரிசிமாவுப் பூச்சா? ஒண்ணுமே சொல்லாம எப்படி லா பதில் சொல்றது.

ஊதாப்பூ:
அரிக்குதா? பொரி எல்லாம் ஒரே அளவுல இருக்கா? அப்புறம், எண்ணெயைக் காய்ஞ்ச முகத்துல போடுறீங்களா, நனைச்சிட்டா? பாதிப் பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க. கையிலயும் முகத்திலயும் ஈரம் இருக்கக்கூடாது. பம்ப் பாட்டில்னா ரெண்டு அழுத்து. ஒரு நிமிஷம் லேசாத் தேய்க்கணும், மூக்கு மடிப்பு, முடி ஓரம், தாடைக்குக் கீழ எல்லாம். அப்புறம் கையை மட்டும் நனைச்சு மறுபடி தேய்ச்சா பால் மாதிரி வெளுக்கும். அதுக்குப் பிறகுதான் முழுசாத் தண்ணி. ஈர முகத்துல போட்டா எண்ணெய் உடனே தண்ணியோட கலந்துடும், சன்ஸ்கிரீனைக் கரைக்காமலே ஓடிடும்.

லேபிள் வாத்தியார்:
இந்தக் குழுவுல தேடல் பெட்டின்னு ஒண்ணு இருக்கு, யாரும் தொடுறதில்ல. எமல்சிஃபையர், அதாவது எண்ணெயைத் தண்ணியோட கலக்க வைக்கிற பொருள், இருந்தாத்தான் எண்ணெய் வெளுக்கும். லேபிள்ல பாலிசார்பேட், சோர்பெத்-30 டெட்ராஓலியேட், பெக்-20 கிளிசரைல் ட்ரைஐசோஸ்டியரேட், இந்த மாதிரி ஏதாவது ஒண்ணு இருக்கணும். இல்லாட்டி அது வெறும் எண்ணெய். படம் போடுங்க, படிச்சுச் சொல்றேன். உங்களுக்குப் புரியாது.

செக்கு அக்கா:
பாட்டிலே வேணாம்மா. செக்குல ஆட்டின தேங்காய் எண்ணெய் போதும், எந்த மேக்கப்பும் நிக்காது. தோட்டத்துல காலங்காலமா இதானே.

லேபிள் வாத்தியார்:
காலங்காலமாத் தலைக்கு வச்சாங்க, சீயக்காய் போட்டு எடுத்தாங்க. முகத்துக்கு யார் சீயக்காய் போடுறது?

செக்கு அக்கா:
கடலை மாவு எதுக்கு இருக்கு தம்பி? எல்லாத்துக்கும் லேபிள் படிச்சா வாழ முடியாது.

கமுண்டிங்காரன்:
ஆமா, கடலை மாவைப் போட்டு உரசினா பொரி உடைஞ்சு இன்னும் சிவக்கும். அக்கா, மல்லி கேட்டதுக்கு யாராச்சும் பதில் சொல்லுங்க.

தோட்டத்து மல்லி:
சாரி, வேலையில இருந்தேன். தேங்காய் எண்ணெய்தான். முகம் கழுவிட்டு ஈரத்தோட தடவுறேன். அப்புறம் பரு ஃபேஸ்வாஷ், ரெண்டு தடவை, இல்லாட்டிப் பிசுபிசுப்பு போகல. நர்சரி வேலை, வாட்டர்ப்ரூஃப் சன்ஸ்கிரீன். அரிக்குது, வேர்த்தா ஜாஸ்தி. எல்லாம் கடுகு சைஸ்.

ஊதாப்பூ:
இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதி இழை மிச்சம். தேங்காய் எண்ணெய் தண்ணியில கலையாது. அதை எடுக்கத்தான் ரெண்டு தடவை ஃபேஸ்வாஷ் போடுறீங்க. அதுல தோலோட சொந்தக் கொழுப்பும் போகுது, அதான் இறுக்கம். எண்ணெயோ முழுசாப் போகல.

அரிப்பு, ஒரே அளவு, வேர்வையில கூடுறது, மூணும் சேர்ந்தா மலாசீசியாவா இருக்கலாம். எல்லார் தோல்லயும் இருக்கிற ஈஸ்ட்தான். கார்பன் 11 முதல் 24 வரை இருக்கிற கொழுப்பு அமிலம் அதுக்குத் தீனி. தேங்காய் எண்ணெயில பாதிக்குப் பாதி லாரிக் அமிலம், அது கார்பன் 12. பரு மருந்துக்கு இந்த ஈஸ்ட் பொரி சரியா மசியாது.

இன்னைக்கே தேங்காய் எண்ணெயை நிறுத்துங்க. எமல்சிஃபையர் உள்ள, வாசனை இல்லாத கிளென்சிங் ஆயில் வாங்குங்க, கொழுப்பு எண்ணெய்க்குப் பதிலா மினரல் ஆயில் அடிப்படைன்னா நல்லது. ரெண்டாவதுக்குப் பிஎச் (அமில அளவு) 5.5 கிட்ட இருக்கிற சாதா ஃபேஸ்வாஷ், கடலை அளவு, அரை நிமிஷம், ஒரே தடவை. வெந்நீர் வேணாம். துண்டால ஒத்தி எடுங்க. பார்மசியில ஈஸ்டை அடக்குற கேட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு பத்திக் கேளுங்க, முகத்துல எப்படிப் போடுறதுன்னு அவங்களே சொல்லுவாங்க. பரவுனாலோ சீழ் வச்சாலோ கவர்மெண்ட் கிளினிக்.

செக்கு அக்கா:
அப்போ சமையல் எண்ணெய்? நம்ம செம்பனை, பாமாயில்தானே.

லேபிள் வாத்தியார்:
செம்பனையில முக்காவாசிக்கு மேல பால்மிட்டிக் அமிலமும் ஓலெயிக் அமிலமும். கார்பன் 16, 18. ஈஸ்டுக்கு விருந்து. கணக்குப் போட்டுப் பாருங்க. வாங்குற பாட்டில்ல ‘நோட்’னு (NOT) தொடங்குற எண்ணையும் பாருங்க. அதுதான் நம்ம மலேசியாவுல அழகுசாதன அறிவிப்பு எண். பாசார் மாலாம், அதான் ராத்திரிச் சந்தையில, எண் இல்லாம விக்கிறதைத் தொடாதீங்க.

கமுண்டிங்காரன்:
லீவு நாள்ல சன்ஸ்கிரீன் போடாம வெறும் பெடாக் சேஜுக்னா எண்ணெய்க் கட்டமே தேவையில்ல, அது அரிசிமாவு, தண்ணிக்கே போயிடும். ஒரு ஃபேஸ்வாஷ் போதும்.

லேபிள் வாத்தியார்:
முதல்முறையா ஒத்துக்கிறேன்.

தோட்டத்து மல்லி:
ஆயில் மாத்திட்டேன், ஷாம்பும் வாங்கியாச்சு. இறுக்கம் இல்ல. பொரி இன்னும் இருக்கு. விசேஷத்துக்கு ஃபவுண்டேஷன் போடலாமா?

ஊதாப்பூ:
மெல்லிசாப் போடுங்க. ராத்திரி எடுக்காமப் படுக்காதீங்க. பொரி அடங்க சில வாரம் ஆகும், நடுவுல நிறுத்திடாதீங்க.